பயணிகளே, உங்கள் மீது யாருக்கும் கோபம் இல்லை

நான் கேஸை அணைத்துவிட்டேன் என்கிற விஷயம் ஒரு திங்கட்கிழமை காலை ரயில் நிலையம் முழுக்கத் தெரிந்துபோனது. "பயணிகள் கவனத்திற்கு. உங்கள் வீட்டு கேஸ் அணைக்கப்பட்டுள்ளது" என்றது ஒலிபெருக்கி. கொஞ்சம் இடைவெளி விட்டு, "கதவு பூட்டப்பட்டுள்ளது" என்றது. பிறகு, வண்டி தாமதத்துக்கு வருந்துகிற அதே குரலில், "உங்கள் மீது யாருக்கும் கோபம் இல்லை" என்று முடித்து மணியும் அடித்தது.

நான் அப்போது மூன்றாவது நடைமேடையில் வேலைக்குப் போகும் வண்டிக்காக நின்றிருந்தேன். கைப்பையில் ஒரு கீழ்வரிசைப் பல்செட் இருந்தது. பல்செட் என்னுடையது இல்லை. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், ஞாபகம் இருந்தால்.

அந்த மூன்று வாக்கியங்களும் என் ஒருத்தியின் காதுக்கென்று என் வீட்டுக்காரர் பேசி வைத்தவை. அவர்தான் அந்த நிலையத்தின் அறிவிப்பாளர். சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் 'மைக்'. வீட்டில் நம்மைப் போலத்தான் பேசுவார். ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்துவிட்டால் மட்டும் நாக்கு தானாகச் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டுக்கொள்ளும். பெண்டாட்டிக்கு ஆறுதல் சொல்வதானாலும் 'பயணிகள் கவனத்திற்கு' என்று ஆரம்பித்தால்தான் அவருக்கு வாயே திறக்கும்.

பெண்டாட்டிக்கு எதற்கு ஆறுதல் என்று கேட்பீர்கள். எனக்கு இரண்டு வியாதி. ஒன்று ஏடிஹெச்டி, இன்னொன்று ஓசிடி. முதலாவது எதையும் மறக்க வைக்கும். இரண்டாவது, நீ மறந்திருப்பாய், மறந்திருப்பாய் என்று காதில் ஓதிக்கொண்டே இருக்கும். ஓசிடி மட்டும் இருப்பவர்களிடம், 'நீ அணைச்சிருப்பே, சும்மா சந்தேகப்படறே' என்று அடித்துச் சொல்லிவிடலாம். என்னிடம் அப்படிச் சொல்ல முடியாது. நான் நிஜமாகவே அணைக்காமல் போயிருக்கிறேன். புலி வருது, புலி வருது என்று கத்துகிற கதையில் கடைசியில் ஒரே ஒரு தடவைதான் புலி வரும். எங்கள் வீட்டில் மாதத்துக்கு இரண்டு புலியாவது வந்துவிடும்.

இதையெல்லாம் எனக்கு எடுத்துச் சொன்னது மனநல மருத்துவர் அம்மாள். பள்ளிக்கூடத்தில் 'கெட்டிக்காரி, ஆனால் அக்கறை இல்லை' என்றார்கள். கல்யாணத்துக்குப் பிறகு 'அக்கறை இல்லை' மட்டும் மிஞ்சியது. ஆண்பிள்ளை சாவியை மறந்தால் பாவம், அவருக்கு ஆயிரம் யோசனை. பெண்பிள்ளை மறந்தால் வீட்டில் பொறுப்பில்லை. பெண்களுக்கு இந்த வியாதி பிடிபடவே நாளாகும், மன்னிப்புக் கேட்டே பாதி வயது ஓடிவிடும் என்றார் அந்த அம்மாள். தாமதமாக வந்ததற்கு நான் உடனே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நான் பார்ப்பது பல்செட் செய்யும் பட்டறை வேலை. பல் மருத்துவர்கள் வாயில் எடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றித் தாடை செய்து, மெழுகில் ஈறு கட்டி, அதில் பல்லைப் பதிப்போம். கிழவருக்குக் கிழவர் பல் நிறம் மாறும். ரொம்ப வெள்ளையாக வைத்தால் சிரிக்கும்போது மனுஷனுக்கு முன்னால் பல் வந்து நிற்கும். அந்த வேலையில் உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் எனக்குத் தெரியாது. முதலாளியம்மா மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு என் மேல் ஈரப் பஞ்சை எறிவாள். எழுந்த பிறகுதான் வினை. மேல்வரிசையை ஒருவருக்கும் கீழ்வரிசையை இன்னொருவருக்கும் மாற்றி அனுப்பிவிட்டேனோ என்று ஆரம்பிக்கும். ஒரு தடவை மாற்றித்தான் அனுப்பியிருந்தேன். வாங்கிக்கொண்ட பெரியவர், பல் வைத்த நாளிலிருந்து தனக்குக் குத்தலாகப் பேச வருகிறது என்று சந்தோஷப்பட்டாராம். என் பையில் இருந்த கீழ்வரிசை சனிக்கிழமையே போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது. பாருங்கள், ஞாபகம் வந்துவிட்டது.

ஆக, நான் கேட்பேன். வீட்டை விட்டு இறங்கினால் கேட்பேன், தெருமுனையில் நின்று போன் போட்டுக் கேட்பேன், பட்டறையில் மெழுகு உருகுவதற்குள் கேட்பேன். கேஸ் அணைச்சிருக்கா? கதவு பூட்டியிருக்கா? கடைசியாக, குரலைத் தாழ்த்தி, உங்களுக்கு என்மேல கோவமா? அவரும் சொல்வார். அணைஞ்சிருக்கு. பூட்டியிருக்கு. கோவமெல்லாம் இல்லமா. சொன்ன மாத்திரத்தில் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் அந்தப் பால் திரிந்துவிடும். 'இல்லமா'வில் ஒரு அலுப்பு இருந்ததே, அது கோபமோ என்று தோன்றும். திரும்பக் கேட்பேன். முதல் இரண்டு கேள்வியையும் மூன்றாவதைக் கேட்பதற்காகவே கேட்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் உண்டு. சந்தேகத்துக்கு என்னிடம் எப்போதும் பஞ்சமில்லை.

அப்போதுதான் அவருக்குத் தொண்டை கட்டியது. கட்டியது கட்டியபடியே நின்றது. தொண்டை மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, கையில் காய்ப்பு விழுமே, அந்த மாதிரி குரல்நாணில் விழுந்திருக்கிறது என்றார். வேலையில் ரொம்பக் கத்துவீர்களா என்று கேட்டார். இல்லை, அறிவிப்பெல்லாம் துண்டு துண்டாகப் பதிந்து வைத்தது, இயந்திரம்தான் கோத்துப் பேசும், நான் பொத்தானை அமுக்குவதோடு சரி என்றார் இவர். அப்படியென்றால் வீட்டிலா என்று மருத்துவர் கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த நாக்குப் படத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்தேன்.

"இப்படியே போச்சுன்னா ஒருநாள் குரல் அப்படியே நின்னுடும். திரும்ப வரும்னு நான் உத்தரவாதம் தரமாட்டேன்" என்றார் மருத்துவர்.

வாசலுக்கு வந்ததும், இனிமேல் ஒரு கேள்வி கேட்கமாட்டேன் என்று நான் சத்தியம் செய்தேன். சத்தியம் செய்த கையோடு, 'நான் கேட்டுக் கேட்டுத்தான் இப்படி ஆச்சுன்னு கோவமா?' என்று கேட்டேன். அவர் பதில் சொன்னார். பாவி மனுஷன், பதில் சொன்னார்.

கீழ்வீட்டில் இருக்கும் என் நாத்தனாருக்கு விஷயம் போனது. அவருடைய அக்கா. என்னைப் பெண்பார்க்க வந்த அன்று என் செருப்பு இரண்டும் வேறு வேறு ஜோடி என்று கண்டுபிடித்தவள். மாடியேறி வந்து, "என் தம்பி தொண்டை என்ன பொதுக்குழாயா, நீ நினைச்சப்பல்லாம் திறந்து பாக்க?" என்று கேட்டாள். கூனிக் குறுகிப் போனேன். அவள் கேட்டதில் தப்பே இல்லை. என் புருஷன் பிழைப்பே குரல். அதை நான் தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தேன். அது தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. உலகத்தில் இதைவிடக் கேவலம் இருக்குமா என்று யாரிடமாவது கேட்க வேண்டும்போல் இருந்தது.

பதிவு செய்யும் யோசனை அவருடையது. குரல் நன்றாக இருந்த ஒரு காலையில், வண்டி இல்லாத நேரம் பார்த்து, நிலையத்து ஒலிவாங்கியில் மூன்று வாக்கியத்தையும் பேசி என் போனுக்கு அனுப்பினார். நான் வேண்டும்போது போட்டுக் கேட்டுக்கொள்ளலாம், அவர் தொண்டை தப்பிக்கும். செவ்வாய்க்கிழமை பதிந்த குரல் வெள்ளிக்கிழமை கேஸைப் பற்றி என்ன கண்டது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்டவுடன் மனம் அடங்கியது. என் மனம் எவ்வளவு மலிவு பாருங்கள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. பேசியதை அழிக்க மறந்துவிட்டார். மறதி என்ன எனக்கு மட்டுமா சொந்தம்? அந்த மூன்று துண்டையும் இயந்திரம் மற்றத் துண்டுகளோடு சேர்த்துக்கொண்டது. வண்டி பெயர் ஒரு பெட்டி, நடைமேடை ஒரு பெட்டி, மற்றதெல்லாம் ஒரு பெட்டி. அதிலிருந்து எடுத்து எடுத்துக் கோக்கும். அந்தத் திங்கட்கிழமை ஒழுங்காகத்தான் கோத்தது. செவ்வாயன்று, "கிழக்கு நோக்கிச் செல்லும் விரைவு வண்டிக்கு உங்கள் மீது கோபம் இல்லை" என்றது. மத்தியானம், "நடைமேடை இரண்டு, நாற்பது நிமிடம் தாமதமாகப் பூட்டப்பட்டுள்ளது" என்றது. அழிக்கலாம் என்று பார்த்தால் அழிக்கும் அதிகாரம் தலைமை அலுவலகத்துக்கு மட்டும்தான். எழுதிப் போட்டார். ஓர் அறிவிப்பை நீக்குவதாக இருந்தால், நீக்கப்போவதை அந்த அறிவிப்பின் வழியாகவே பயணிகளுக்குத் தகுந்த காலம் முன்பே தெரிவிக்க வேண்டும் என்று பதில் வந்தது. அதனால் அது இன்னும் அடிக்கடி ஒலித்தது.

ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கப் போகிறது என்றுதான் நினைத்தேன். அந்த முதல் நாள், நடைமேடையில் தலையைக் குனிந்துகொண்டு ஓரக்கண்ணால் பார்த்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய பெண் ஒருத்தி, ஓடி வந்த வேகத்தில் அப்படியே நின்று, "அப்பாடா" என்று பெஞ்சில் உட்கார்ந்தாள். பெரிய பெட்டி வைத்திருந்த ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு யாருக்கோ போன் போட்டு, 'ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்' என்றார். அத்தனை பேரும் அதைத் தங்களுக்கென்றே சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகக்கூட இருந்தது. அது என்னுடையது இல்லையா?

வாரக் கடைசிக்குள் வண்டி ஏறாதவர்களும் வர ஆரம்பித்தார்கள். பையும் கையுமாக வந்து, தூணில் சாய்ந்து நின்று, மூன்று வாக்கியத்தையும் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். நிலைய அதிகாரி என்னையும் இவரையும் கூப்பிட்டு அனுப்பினார். வேலை போயிற்று என்று முடிவு கட்டி, இருப்பதில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன். முந்தானையில் பிளாஸ்டர் ஒட்டியிருந்ததை அங்கே போய்த்தான் பார்த்தேன்.

அதிகாரி இதை எழுதியது யார் என்று கேட்டார். என் சம்சாரம் என்றார் இவர், பாதிக் குரலில். அதிகாரி எழுந்து நின்றார். வண்டிகள் முன்னைவிடத் தாமதமாக வருகின்றன, ஆனால் புகார் ஒன்றுகூட வருவதில்லை, மக்கள் பூப்போல நடந்துகொள்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"உங்ககிட்ட வேற என்னென்ன கவலைம்மா இருக்கு?"

என் பிறவியில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் விரும்பிக் கேட்டதில்லை. கரும்பு தின்னக் கூலியா? மடை திறந்தது. நேற்று நீங்கள் பேசியதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தையைப் பள்ளிக்கூடத்தில்தான் விட்டீர்கள், வேறெங்கும் விடவில்லை. அந்தத் தலைவலி வெறும் தலைவலி. வழியில் குலுங்கியது பள்ளம்தான், நீங்கள் யார் மீதும் வண்டியை ஏற்றவில்லை. அதிகாரி எழுதி எழுதிக் கை ஓய்ந்தார். 'இது எனக்கே இருக்குதுங்களே' என்று நடுவில் இரண்டு தடவை சொன்னார். என் வெட்கக்கேடெல்லாம் ஒரு அரசாங்க மேஜையில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. பெருமையாக இருந்தது எனக்கு. இவர் மட்டும் தொண்டையைத் தடவிக்கொண்டிருந்தார். அதையெல்லாம் பேசிப் பதிய வேண்டியது அவர்தானே. எனக்கு அது உறைக்கவில்லை என்று சொன்னால் பொய். உறைத்தது. உடனே, கோபமா என்று கேட்டேன்.

மனநல மருத்துவர் அம்மாளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கொசு கடிச்ச எடத்தைச் சொறிஞ்சா சுகமாத்தான் இருக்கும். ஆனா கடி ஆறாதும்மா" என்றார். "தெரியாதுங்கறதோட கொஞ்ச நேரம் உக்காந்து பழகணும். முதல்ல நெஞ்சு அடிச்சுக்கும். அப்புறம் அதுவா அடங்கும்."

ஊரே சொறிந்துகொண்டு சௌக்கியமாக இருக்கிறதே என்றேன். பொறுத்துப் பாருங்கள் என்றார். நான் கிளம்பும்போது, அந்தக் கோபம் இல்லை என்கிற அறிவிப்பைச் சாயங்காலமும் போடுகிறார்களா என்று, எதேச்சையாகக் கேட்பதுபோல் கேட்டார்.

பொறுக்கவே வேண்டியிருக்கவில்லை. கால் மணிக்கு ஒரு தடவை போதாது, பத்து நிமிடத்துக்கு ஒன்று வேண்டும் என்றார்கள் மக்கள். பிறகு ஐந்து. வண்டி அறிவிப்புகளுக்கு இடமில்லாமல் போய், அவை சாப்பாட்டு நேரத்தில் மொத்தமாகப் படிக்கப்பட்டன. வந்த வண்டியைக் கவனிக்காமல் ஆறுதல் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், வண்டியை விட்டுவிட்டோமோ என்று கலங்கி, விடவில்லை என்று அறிவிக்கச் சொன்னார்கள். அறிவித்தோம். ஓட்டுநர்களும் மூன்றாவது வாக்கியம் வரும் வரை வண்டியை எடுப்பதில்லை. பிறகு ஒருவர் கண்டுபிடித்தார், இது பழைய பதிவு என்று. நேற்று அணைந்திருந்த கேஸ் சரி, இன்றைக்கு? நியாயமான கேள்விதான். எனக்குத் தோன்றாமல் இருந்ததா என்ன? அன்றிலிருந்து நேரடி அறிவிப்பு. நாள் முழுக்க இவர் பேசினார். போதாதென்று மாடியேறி வந்து அறைக் கண்ணாடியைத் தட்டி, என் வீட்டுப் பச்சைக் கதவு, பிடி உடைந்தது, அது பூட்டியிருக்கிறதா என்று தனித்தனியாகக் கேட்டார்கள்.

ஒருநாள் நாலாவது நடைமேடைக் கடைசி பெஞ்சில் என் நாத்தனாரைப் பார்த்தேன். ஊருக்குப் போகிறவள்போல மடியில் பை. நான் பார்த்துவிட்டது தெரிந்ததும் திருதிருவென்று விழித்தாள். "எங்க அண்ணி பயணம்?" என்றேன். எங்கும் இல்லை என்றாள். கொஞ்ச நேரம் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"தினம் வாசலைத் தண்ணி ஊத்திக் கழுவறேன்ல. சுத்தம் போதுமான்னு யாரைக் கேக்கறது நான்? எனக்கு யாரு இருக்கா?" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அந்த வாசலை அவள் கழுவுவது என்னை மட்டம் தட்டுவதற்காக என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒலிபெருக்கி இரைந்தது. அவளுடைய தம்பியின் குரல் தகரத்தை இழுத்த மாதிரி இருந்தது. 'உங்கள் மீது யாருக்கும் கோபம் இல்லை.' அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு முதல்முறையாக, கேட்டதும் ஆறுதல் வரவில்லை.

அன்று மத்தியானம் அறிவிப்பு அறைக்குப் போனேன். மாடியில் இருக்கிற கண்ணாடி அறை அது. நாலு நடைமேடையும் தெரியும். கீழே தலை தலையாக மக்கள், எல்லா முகமும் அண்ணாந்து எங்களைப் பார்த்தபடி. வாய் கொஞ்சம் திறந்து, கண்ணில் ஒரு பயமும் ஒரு கெஞ்சலும். எத்தனை பேர் என்று சொல்ல முடியாது, ஆனால் முகம் ஒன்றுதான். இவர் தினமும் சோற்றுக்கு எதிரே, படுக்கைக்கு எதிரே, போனுக்கு அந்தப் பக்கத்தில் பார்க்கிற முகம் அது. எனக்கு வந்தது இரக்கம் இல்லை. எரிச்சல். சனியன்களா, அந்த மனுஷனைக் கொஞ்சம் விட்டுத் தொலைங்களேன் என்று மனதுக்குள் கத்தினேன். கத்தியது யாரை என்பது அடுத்த நொடியில் விளங்கியது. கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன்.

இவர் கவனிக்கவில்லை. ஒலிவாங்கியைப் பிடித்தபடி, ஒவ்வொரு சொல்லாகத் தள்ளிக்கொண்டிருந்தார். பயணிகள் கவனத்திற்கு. கேஸ். கதவு. "உங்கள் மீது யாருக்கும்" என்றார். அதோடு குரல் நின்றது. வாய் அசைந்தது, சத்தம் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முயன்றார். வெறும் காற்று வந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன், எனக்கு எத்தனை ஏடிஹெச்டி இருந்தாலும்.

கீழே கலவரம். யாருக்கும் என்ன? யாருக்கும் என்னவாம்? கோபம் உண்டா இல்லையா? ஒருவரை ஒருவர் பிடித்து உலுக்கிக் கேட்டார்கள். அதிகாரி பேயறைந்த முகத்தோடு படியேறி ஓடிவந்து, ஏதாவது சொல்லும்மா, அந்த ஒரு சொல்லையாவது முடித்துவிடு என்றார். ஒரே ஒரு 'இல்லை'. அதைச் சொல்வது எனக்கு எவ்வளவு சுலபம்! சொன்னால் எல்லோரும் அடங்குவார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பவும் அண்ணாந்து பார்ப்பார்கள். இவர் நாற்காலியில் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஒலிவாங்கியை என் பக்கம் திருப்பினேன். எனக்கு அந்தச் சட்டை போட்ட தமிழ் வராது.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். "உங்க கேஸ் அணைஞ்சிருக்கான்னு தெரியாது. கதவும் தெரியாது. யாராவது உங்கமேல கோவமா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இவருக்கும் தெரியாது. எப்பவுமே தெரியாது, பார்க்காமதான் சொல்லிட்டிருந்தார். கேட்டது நான்தான், மொதல்ல கேட்டது நான். இப்ப இவருக்குக் குரல் போச்சு. ரெண்டாவது பிளாட்பாரத்துல வண்டி நிக்குது. போறவங்க ஏறுங்க."

முதலில் ஒரு செருப்பு பறந்து வந்து கண்ணாடியில் விழுந்தது. ஏமாற்றுக்காரி என்றார்கள். பொறுப்பில்லாதவள் என்றார்கள். அது எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். பெரிய பெட்டிக்காரர் என்னைப் பார்த்துக் கையை ஓங்கிக்கொண்டு திட்டினார். அதிகாரி என் பக்கம் திரும்பவே மறுத்தார். அக்கம்பக்கத்து ஊர் ஜனம் முழுக்க நிஜமாகவே என் மீது கோபமாக இருந்தது. இதில் சந்தேகப்பட இடமே இல்லை. எந்த ஒன்று நடந்துவிடுமோ என்று ஆயுள் முழுக்கப் பயந்தேனோ, அது நாலு நடைமேடையிலும் ஒரே சமயத்தில் நடந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. இரண்டாவது நடைமேடை வண்டி ஊதியதும் பாதிப் பேர் திட்டிக்கொண்டே ஓடி ஏறினார்கள். வீடு போய்ச் சேர வேண்டுமே. மீதிப் பேர் தங்கள் கேஸைத் தாங்களே பார்ப்பதற்காகக் கிளம்பினார்கள். அவர்கள் திருந்தினார்களா, வேறு நிலையம் தேடிக்கொண்டார்களா, எனக்குத் தெரியாது.

தொண்டை மருத்துவர் அன்றே பார்த்தார். ஒரு மாதம் முணுமுணுப்புகூடக் கூடாது என்றார். அதற்குப் பிறகு வருமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் ஏதாவது சொல்லிவிடுவார். நாக்கைப் பல்லால் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். நிலையத்தில் இவரை வேறு பிரிவுக்கு மாற்றுவதாகச் சேதி வந்திருந்தது.

சாயங்காலம் வீட்டில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். இவ்வளவு அமைதியாக எங்கள் வீடு ஒருநாளும் இருந்ததில்லை. அவர் தட்டில் சோற்றைப் பிசைந்தார், சாப்பிடவில்லை. முகத்தில் எனக்கு ஒன்றும் படிக்கத் தெரியவில்லை. அலுப்பா, வலியா, துக்கமா, வேறு ஏதாவதா? ஒரு மனுஷனின் பிழைப்பைக் கெடுத்துவிட்டு அவன் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவது எப்படி என்று எந்த மருத்துவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எழுந்து தட்டைக் கழுவினேன். துடைத்தேன். திரும்பக் கழுவினேன். தாங்க முடியவில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏங்க, என்மேல கோவமா?"

கேட்டுவிட்டேன். நாக்கு எனக்கு முன்னாலேயே போய்விட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். பேச வேண்டியதில்லை, தலையை அசைத்தால் போதும். அசைக்கத்தான் போனார். நான் சட்டென்று இரண்டு கையாலும் அவர் கன்னங்களைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாம்ங்க" என்றேன். "சொல்லாதீங்க."

ஒருநாள் தாடி உள்ளங்கையில் குத்தியது. அவர் தலை என் கைக்குள் ஒருமுறை அசையப் பார்த்தது. நான் விடவில்லை. எந்தப் பக்கமாக அசையப் பார்த்தது என்று எனக்குத் தெரியாது.